ஆளைக் கிளப்பும் ரசாயனம்

திண்ணை ஓரத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். புதிதாக வந்தவர் அவரைக் கிளப்பிவிட்டு அவ்விடத்தில் தாமே அமரலாம். அல்லது பக்கத்தில் இருப்பவரை அழைத்துக்கொண்டு நடையைக் கட்டலாம். துணை போன பிறகு அவருக்கு மட்டும் அங்கே என்ன வேலை? அவரும் எழுந்து போய்விடுகிறார். ரசாயன சாஸ்திரத்திலும் இவ்விரு வழிகள் உண்டு. முதலாவதற்குப் பதிலீடு என்றும், இரண்டாவதற்கு நீக்கம் என்றும் பெயர்.

ஈதைல் புரோமைடு என்னும் திரவத்தில் இரண்டு கரி அணுக்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைப் புரோமின் பற்றிக்கொண்டிருக்கிறது. சுத்தமான சாராயத்தில் ஸோடியத்தைக் கரைத்தால் உண்டாகும் ஈதாக்ஸைடு என்ற வலிய காரத்தை இதனுடன் சேர்க்கிறோம். காரம் அந்தக் கரி அணுவைப் பின்புறமாக அணுகிப் புரோமினை வெளியேற்றினால் கிடைப்பது ஈதர். 1846 முதல் ரண சிகிச்சையில் நோயாளிகளை மயக்க உபயோகித்த அதே ஈதர்தான். காரம் அடுத்த கரி அணுவிலுள்ள ஹைட்ரஜனைப் பறித்தாலோ, புரோமினும் உடனே விலக, கரி அணுக்கள் இரண்டும் இரட்டைப் பிணைப்பால் இணைகின்றன. அப்பொழுது கிடைப்பது எதிலீன். மாங்காய் தனக்குள்ளேயே உண்டாக்கிக்கொண்டு பழுக்கிறதே, அந்த வாயு!

எந்த வழி வெல்லும்? பெரும்பாலும் இட நெருக்கடியே தீர்மானிக்கிறது. 55 டிகிரி உஷ்ணத்தில் ஈதைல் புரோமைடில் சுமார் 90 பங்கு பதிலீடு. புரோமின் உள்ள கரி அணுவை இரு கரி அணுக்கள் சூழ்ந்த ஐஸோபிரொபைல் புரோமைடில் நிலைமை தலைகீழ். 79 பங்கு நீக்கம். மூன்று பக்கமும் அடைபட்ட டெர்ஷியரி பியூட்டைல் புரோமைடிலோ அநேகமாக முழுவதுமே நீக்கந்தான். உஷ்ணத்தை ஏற்றினாலும் நீக்கமே ஓங்கும்.

1850-ல் லண்டன் யூனிவர்ஸிடி காலேஜில் வில்லியம்ஸன் ஒரு புதிய சாராயத்தை எதிர்பார்த்து இம்முறையைக் கையாண்டார், கிடைத்ததோ ஈதர்! பதிலீடு, நீக்கம் இவற்றின் அந்தரங்கத்தை 1930-களில் அதே கலாசாலையில் ஹியூஸும் இங்கோல்டும் விளக்கினார்கள்.

இதில் மாணாக்கர்களுக்கு ஒரு பாடம் உண்டு. மெதில், டெர்ஷியரி பியூட்டைல் இரண்டும் சேர்ந்த ஈதர் வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். டெர்ஷியரி பியூட்டைல் புரோமைடுடன் மெதாக்ஸைடைச் சேர்ப்பவர், ஈதருக்குப் பதில் ஐஸோபியூட்டிலீன் வாயுவைக் கண்டு ஏமாறுவார். அறிந்தவரோ மெதில் அயோடைடுடன் டெர்ஷியரி பியூட்டாக்ஸைடைச் சேர்ப்பார். மெதிலில் உள்ளது ஒரே கரி அணு. அண்டை வீடே இல்லாதபோது ஹைட்ரஜனை எங்கிருந்து பறிப்பது? சமன்பாட்டை நெட்டுருப் போட்டவருக்கு இரண்டும் ஒன்றுதான், குடுவைக்கு அப்படியல்ல.