குழாயைக் கவ்வும், நொடியில் விடும்

வயலில் பி.வி.சி. குழாய் வந்துவிட்டாலும், பம்பின் வாயருகே பல இடங்களில் இரும்புக் குழாய்தான். அது விரிந்தால் வெல்டிங் வைக்க வேண்டும். ஒருவர் பிடிக்க, மற்றவர் பற்றவைப்பது வழக்கம். பிடிப்பவர் கை சற்று அசைந்தால் குழாய் கோணும், இணைப்பு கசியும்.

இரண்டடி ஆங்கிள் இரும்பைப் பள்ளம் மேலாக வைத்தால் குழாய் தானே நேராக அமரும். இணைப்பு வரும் இடத்தில் ஆங்கிளைச் சிறிது வெட்டிவிட வேண்டும்; இல்லையேல் அதுவும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். இருபுறமும் ஒவ்வொரு கிளாம்ப் தேவை. திருகு கிளாம்ப் வேண்டாம். மரையில் பொறி ஒட்டினால் கழற்றுவது பெரும்பாடு. டென்மார்க்கிலிருந்து அமெரிக்கா சென்ற கொல்லர் வில்லியம் பீட்டர்சன் 1924-ல் காப்புரிமை பெற்ற பூட்டுக் குறடு, அதாவது வைஸ்கிரிப், இதற்கு ஏற்றது. கைப்பிடியை அழுத்தினால் உள்ளிருக்கும் தண்டு நேர்கோட்டைச் சற்றே தாண்டிப் பூட்டிக்கொள்ளும். விடுவிப்பானைத் தட்டினால் நொடியில் விட்டுவிடும். அதன் அசையாத தாடையை ஆங்கிளில் பற்றவைத்தால் போதும். 1964-ல் தொழிற்பேட்டை வந்த அம்பத்தூரில் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை; ஆவடி, பூந்தமல்லி விவசாயிகள் அங்கே செய்து வாங்கலாம்.

முதலில் நான்கு இடங்களில் புள்ளி வைத்து, கிளாம்பைக் கழற்றியபின் சுற்றிலும் பற்றவைக்கவும். ஜி.ஐ. குழாயானால் துத்தநாகப் பூச்சை முன்னதாக ராவி எடுத்துவிடவும். அந்தப் புகையைச் சுவாசித்தால் குளிர்காய்ச்சல் காணும். ராவிய இடத்தில் பிறகு பெயிண்ட் அடிக்காவிட்டால் துரு ஏறும்.