கொள்ளிக்கு வராத பிள்ளை

2014-ஆம் வருஷம் ஏப்ரல் 28-ந் தேதியன்று பெசன்ட் நகர் மயானத்தில் மேஜர் முகுந்த் வரதராஜனின் சடலம் ராணுவ மரியாதைகளுடன் தகனம் செய்யப்பட்டது. காஷ்மீரத்தில் ஷோப்பியான் ஜில்லாவில் மூன்று நாட்களுக்கு முன்பு உயிர் துறந்த அவ்வீரரை முன்பின் கண்டிராதவர்களும் திரளாக வந்து நின்றார்கள். மறு வருஷம் குடியரசு தினத்தன்று அவருக்கு அசோக சக்கரம் அளிக்கப்பட்டது. தேசத்துக்காகப் பிராணனைக் கொடுத்தவனுக்கு ஜனங்கள் செலுத்தும் மரியாதை இது. இதில் குறை சொல்ல ஏதுமில்லை.

நாம் இன்று எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் வேறு. அதே காஷ்மீரத்தில் காவல் நிற்கும் சிப்பாய் ஒருவனுடைய தாயார் இங்கே மயிலாப்பூரில் ஏதோ ஒரு சந்துவீட்டில் காலமானால் என்ன நடக்கிறது? வேட்டுச் சப்தம் கிடையாது. கொடி போர்த்துவார் இல்லை. கூடத்தில் கூடியவர்கள், “பிள்ளை வரவில்லையா?” என்று கேட்கிறார்கள். “மிலிடரியில் இருக்கிறான், லீவு கிடைக்கவில்லையாம்” என்று யாரோ தாழ்ந்த குரலில் பதில் சொல்லுகிறார். சித்தப்பா மகனோ, மருமகனோ தர்ப்பையை வாங்கிக்கொண்டு உட்காருகிறான். சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. கொள்ளிக்கு வராத பிள்ளை என்பது நம்மவர்களிடையே ஒரு வசைபோலவே வழங்கும் சொல். தேசத்தின் எல்லையைக் காக்கச் சென்ற ஒருவன் தலையில் அந்த வசை விழுவது நியாயமா என்பதை நேயர்கள் சற்று யோசிக்க வேண்டும்.

நமது சீதோஷ்ணத்தில் சடலம் காத்திராது. குளிர்ப்பெட்டி வந்த பிறகு ஒரு நாளோ இரண்டு நாளோ தவணை கிடைக்கிறது; அவ்வளவுதான். சாந்தோமில் கோயில் மணி அடித்தாலும், திருவல்லிக்கேணியில் ஜனாஸா புறப்பட்டாலும் கதை இதுவே. முகம்மதியர்களோ கூடியமட்டும் அன்றைக்கே அடக்கம் செய்துவிடுகிறார்கள். பட்டாளத்துக்காரன் இருக்கும் தூரத்தையும் பாருங்கள். சென்னையிலிருந்து டில்லிக்கே ரயில் மார்க்கம் சுமார் 2,180 கிலோமீட்டர். அதற்கு அப்பால் ஜம்மு. அதற்கும் அப்பால் லடாக். 2016-ஆம் வருஷம் பிப்ரவரி 3-ந் தேதி பனிச்சரிவில் மதராஸ் ரெஜிமெண்டின் 19-வது பட்டாளத்தைச் சேர்ந்த பத்துப் பேர் புதையுண்டார்களே, சியாச்சினில் அந்த ஸோனம் காவலிடம், அது சுமார் 19,600 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே நிற்பவனுக்குச் செய்தி எட்டினாலும் அவன் கீழே இறங்குவது மேலதிகாரியின் இஷ்டத்தை மாத்திரம் பொறுத்ததன்று. மேகம் விலக வேண்டும், ஹெலிகாப்டர் வரவேண்டும். அதற்குள் இங்கே சஞ்சயனம் ஆகி, பத்தாம் நாளும் வந்துவிடும்.

தூரதேசத்தில் இருப்பவனைப் பற்றி நமது முன்னோர்கள் சிந்திக்காமல் இல்லை. மனு ஸ்மிருதியின் ஐந்தாம் அத்தியாயத்திலேயே இதற்கு விதி காணப்படுகிறது. பங்காளியின் மரணச் செய்தி பத்து நாளைக்குள் காதில் விழுந்தால் மிச்சமுள்ள நாட்களுக்குத் தீட்டு. பத்து நாள் கழிந்து விழுந்தால் மூன்று இரவு. வருஷம் ஒன்று கடந்துவிட்டால் ஸ்நானமே போதும். அதே அத்தியாயம் அரசருக்குத் தீட்டில்லை என்கிறது. அரசன் எவனுக்குத் தீட்டு வேண்டாமென்று விரும்புகிறானோ அவனுக்கும் இல்லை என்கிறது. ராஜ காரியம் தடைப்படக்கூடாது என்பதே இதன் கருத்து என்று ஊகிக்கலாம். நாம் கோர்ட்டுகளில் பழகியவர்களாதலால் இந்த வாசகத்தின் அளவைக் கவனிக்கிறோம். அரசனால் விலக்கக்கூடியது தீட்டு ஒன்றுதான். துக்கத்தை விலக்கும் அதிகாரத்தை எந்த ஸ்மிருதியும் எந்த அரசனுக்கும் கொடுக்கவில்லை.

ராமன் கதையும் நினைவுக்கு வருகிறது. தசரதன் மாண்டபொழுது மூத்த பிள்ளை அருகில் இல்லை. பரதன் சித்திரகூடத்துக்கு வந்து சொல்லித்தான் தெரிந்தது. அயோத்தியில் ஈமக்கிரியைகள் முறைப்படி நடந்தேறியிருந்தும், ராமன் மந்தாகினியில் இறங்கி நீர்க்கடன் செய்தான். காட்டில் கிடைத்த இங்குதிப் பிண்ணாக்கையும் இலந்தைப் பழத்தையும் பிசைந்து தகப்பனுக்குப் பிண்டம் வைத்தான் என்கிறார் வால்மீகி. தம்பி செய்துவிட்டானே, நமக்கென்ன என்று அவன் இருந்துவிடவில்லை. காலம் கடந்தாலும் தன் கையால் ஒன்று செய்தாக வேண்டும் என்ற தவிப்பு அங்கே தெரிகிறது.

நம் காலத்துக்கு வருவோம். 1939 செப்டம்பர் 3-ந் தேதி சென்னைக் கடற்கரையில் ஸ்ரீ சுபாஷ் சந்திர போஸ் பேசிக்கொண்டிருந்தார். கூடியிருந்தவர்கள் இரண்டு லக்ஷம் பேர் இருக்கும் என்பது அவரே பின்னர் எழுதிய கணக்கு. கூட்டத்திலிருந்த யாரோ ஒருவர் மாலைப் பத்திரிகையை அவர் கையில் கொடுத்தார். பிரிட்டன் ஜெர்மனியுடன் யுத்தம் தொடங்கிய செய்தி அவருக்கு அப்படித்தான் கிடைத்தது. அந்த யுத்தம் அவரைத் தாயிடமிருந்து எவ்வளவு தூரம் பிரித்துவிடும் என்பதை அன்று யார் கண்டார்கள்?

தகப்பனார் விஷயத்தில் அவர் முன்னமே அடிபட்டவர். 1934 டிசம்பரில் ஸ்ரீ ஜானகிநாத் போஸ் மரணத் தறுவாயில் இருப்பதறிந்து ஐரோப்பாவிலிருந்து விமானமேறினார். கல்கத்தாவை அடைவதற்குள் தகப்பனார் காலமாகிவிட்டார். வந்து இறங்கிய பிள்ளைக்கு அன்றைய சர்க்கார் அளித்த வரவேற்பு வீட்டுக்காவல் உத்தரவு! துக்க வீட்டிலும் போலீஸ் காவல் நின்றது. பிறகு 1941 ஜனவரியில் எல்ஜின் ரோடு வீட்டிலிருந்து நள்ளிரவில் அவர் மாறுவேஷத்தில் வெளியேறினாரே, அப்பொழுது தாயார் பிரபாவதி தேவியிடம் விடைபெறவில்லை. விடைபெற்றிருந்தால் ரகசியம் நிலைத்திராது. வீட்டில் இரண்டொருவருக்குத் தெரிந்த செய்தி பெற்றவளுக்குத் தெரியாது.

1943 டிசம்பர் 30-ந் தேதி இந்திய தேசிய ராணுவத்தின் தலைவராகப் போர்ட் பிளேரில் அவர் மூவர்ணக் கொடியை ஏற்றினார். அதே டிசம்பர் மாதக் கடைசியில் கல்கத்தாவில் தாயார் கண்ணை மூடினாள். இன்னொரு மகன் ஸ்ரீ சரத் சந்திர போஸ் எங்கே இருந்தார்? 1941 டிசம்பரில் கைதானவர், திருச்சிராப்பள்ளியிலும் மெர்க்காராவிலும் குன்னூரிலுமாக 1945 செப்டம்பர் வரையில் காவலில் இருந்தார். ஆக, ஒரு பிள்ளை கடலுக்கு அப்பால் ராணுவ உடையில். மற்றொரு பிள்ளை நமது தென்னாட்டில் சிறைவாசத்தில். இரண்டு பேருடைய வாழ்விலும் தேசத்தின் பெயரால் வந்த தடை ஒன்றே.

சுபாஷ் பாபு அந்த நாட்களில் என்ன அனுபவித்தார் என்பதை ஊகத்தால் நிரப்புவது நாகரிகமன்று. ஒன்றை மட்டும் சொல்லலாம். இரண்டு மாதங்களுக்குள், 1944 பிப்ரவரி 22-ந் தேதி, ஆகா கான் மாளிகைச் சிறையில் அன்னை கஸ்தூரிபா உயிர்நீத்தார். அப்பொழுது சுபாஷ் பாபு வெளியிட்ட அஞ்சலியில் அந்த அம்மையாரை இந்திய ஜனங்களின் தாய் என்று போற்றினார். தன் தாய்க்கு நீர்விடக் கொடுத்துவைக்காத ஒருவர் தேசத்தின் தாய்க்கு வாய்விட்டு அழுதார் என்றே நமக்கு அதைப் படிக்கும்பொழுது தோன்றுகிறது. அது நம்முடைய எண்ணம், மறுப்பவர்கள் மறுக்கலாம்.

தலைவருடைய கதையாவது ஏட்டில் இருக்கிறது. 1942 பிப்ரவரி 15-ந் தேதி சிங்கப்பூர் விழுந்தபொழுது பல்லாயிரக்கணக்கான இந்தியச் சிப்பாய்கள் ஜப்பானியர் கையில் சிக்கினார்கள். மலாயாத் தோட்டங்களில் இருந்த தமிழ் மக்களுக்கும் நம் ஜில்லாக்களிலிருந்த அவர்கள் சுற்றத்தாருக்கும் இடையே கடிதப் போக்குவரத்து அறுந்தது. மூன்றரை வருஷ காலம் அக்கரையில் இறந்தவர்களை இக்கரையில் உயிரோடிருப்பதாகவும், இக்கரையில் இறந்தவர்களை அக்கரையில் உயிரோடிருப்பதாகவும் நினைத்துக்கொண்டு வாழ்ந்த குடும்பங்கள் உண்டு. மயிலாப்பூர்க் கடற்கரையில் ராணி மேரி கல்லூரியில் படித்து, 1938-இல் டாக்டர் பட்டம் பெற்று, 1940-இல் சிங்கப்பூர் சென்ற லக்ஷ்மி, ஜான்ஸி ராணிப் படையின் தலைவியாகி, 1946 மார்ச்சில்தான் தாய்நாடு திரும்ப முடிந்தது. அவருடைய தாயார் ஸ்ரீமதி அம்மு சுவாமிநாதனும் இதற்கிடையில் 1942 இயக்கத்தில் சிறை சென்று மீண்டார். இவ்விருவருக்கும் மறுபடி ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும் பாக்கியம் வாய்த்தது. அந்தப் படையில் சேர்ந்த தோட்டத்துப் பெண்கள் அனைவருக்கும் அது வாய்த்ததென்று சொல்ல முடியாது.

அது அன்னிய ஆட்சிக் காலம், யுத்த காலம். இன்று ராணுவம் நம்முடையது. சட்டமும் நாமே செய்தது. அது என்ன சொல்லுகிறது? 1950-ஆம் வருஷத்து ராணுவச் சட்டத்தின் 38-வது பிரிவின்படி, போர்ப்பணியில் இருக்கும்போது ஓடிப்போகிறவனுக்கு மரண தண்டனை வரையில் விதிக்கலாம். 39-வது பிரிவின்படி, அனுமதியின்றி விலகியிருப்பவனுக்கும், போதிய காரணமின்றி லீவுக்கு மேல் தங்குகிறவனுக்கும் மூன்று வருஷம் வரையில் சிறை. ‘போதிய காரணமின்றி’ என்ற அந்தச் சொற்களில்தான் ஒரு சிப்பாயின் பிள்ளைக்கடன் முழுவதும் தொங்குகிறது. தாய் இறந்தது போதிய காரணமா, தகப்பனுடைய பதின்மூன்றாம் நாள் போதிய காரணமா என்பதை அதிகாரிகள்தாம் முடிவு செய்யவேண்டும். லீவு என்பது பட்டாளத்தில் உரிமையன்று, அனுக்கிரகம். தமிழ்நாட்டில் தண்டனைக் கைதிக்குக்கூட 1982-ஆம் வருஷத்து விதிகளின்கீழ் உறவினர் மரணத்தை முன்னிட்டு அவசர விடுப்புக் கேட்க வழியிருக்கிறது என்பதை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை.

சேனாதிபதிகளின் பக்கத்திலும் நியாயம் உண்டு. குண்டு விழும் வேளையில் சாவுச் செய்தி வந்தவர்களையெல்லாம் ஊருக்கு அனுப்பினால் அகழியில் யார் நிற்பது? யுத்தத்தில் மறுக்கப்படும் லீவைப் பற்றி நமக்குப் புகார் இல்லை. சேவையில் சேரும்பொழுதே அதற்குச் சம்மதித்துத்தான் ஒருவன் கையெழுத்திடுகிறான். சமாதான காலத்தில், ஒரு காகிதம் ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்குப் போகாததால் ஒருவன் தகப்பன் முகத்தைக் காணாமல் போவதைத்தான் நாம் சகிக்க முடியாது என்கிறோம்.

லீவு கிடைத்தும் வழி கிடைக்காதவனும் உண்டு. 2020 ஏப்ரலில் தொற்றுநோயை முன்னிட்டு ரயில்கள் நிறுத்தப்பட்டிருந்த சமயம், சத்தீஸ்கர் ஆயுதப்படையைச் சேர்ந்த ஒரு வீரர் பீஜப்பூரில் பணியிலிருந்தார். தாயார் இறந்த செய்தி வந்தது. அவர் லாரியில் தொற்றிக்கொண்டு புறப்பட்டார். பிறகு ஒரு சரக்கு ரயிலிலிருந்து இன்னொரு சரக்கு ரயிலாக மாறினார். கடைசியில் கால்நடையாக நடந்து, கங்கையைப் படகில் கடந்து, சுமார் 1,100 கிலோமீட்டர் தூரத்தை மூன்று நாளில் கடந்து மிர்ஜாபூர் ஜில்லாவிலுள்ள தமது கிராமத்தை அடைந்தார். வழியில் ரயில்வே சிப்பந்திகளும் போலீஸ்காரர்களும் அவருக்கு உதவினார்கள். எந்த விதியின்கீழ் உதவினார்கள் என்று கேட்டால் விதி கிடையாது. தாய் செத்துப்போனாள் என்று சொன்னான், வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள்.

நம் குடும்பங்களிலேயே நடக்கும் ஓர் அநீதியையும் சொல்லிவிட வேண்டும். ஒரு காலத்தில் தந்திச் சேவகன் வந்தான் என்றாலே வீட்டில் அழுகை கிளம்பும். பட்டாளத்தில் அந்தத் தந்திதான் லீவுக்கு அத்தாட்சி. 2013 ஜூலையில் தந்தி நின்றது. 56 ஏ.பி.ஓ., 99 ஏ.பி.ஓ. என்று எழுதி, பிள்ளை எந்த மலையில் இருக்கிறான் என்றே தெரியாமல் கடிதம் போட்ட காலமும் பெரும்பாலும் போயிற்று. இப்பொழுது கைபேசியில் நிமிஷத்தில் சொல்லிவிடலாம். தகனத்தையே திரையில் காட்டவும் செய்கிறார்கள். அப்படியிருந்தும் சில வீடுகளில், “துப்பாக்கி பிடிக்கிற கை, மனசு கலங்கிவிடும், லீவில் வரும்போது சொல்லிக்கொள்ளலாம்” என்று மறைத்துவிடுகிறார்கள். அன்பினால் செய்வதுதான். விளைவு என்ன? மூன்று மாதம் கழித்துப் பாண்டி பஜாரில் அம்மாவுக்குப் புடவை வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைகிறான். சுவரில் மாலை போட்ட படத்தைப் பார்க்கிறான். ஊரெல்லாம் அழுது ஓய்ந்துவிட்டது. அவனோடு சேர்ந்து அழ யாரிடமும் கண்ணீர் மிச்சமில்லை. அவன் இத்தனை நாள் சிரித்துப் பேசிய ஒவ்வொரு தொலைபேசிப் பேச்சையும் எண்ணி எண்ணி வெட்கப்படுகிறான். எதிரியின் குண்டுக்கு முன் நிற்பவன் தாயின் மரணச் செய்தியைத் தாங்கமாட்டான் என்று நினைப்பது அவனை அவமதிப்பதாகும். சொல்லிவிடுங்கள், அன்றைக்கே சொல்லிவிடுங்கள். அவனுடைய பட்டாளத்திலும் நான்கு பேர் அவன் தோளில் கைவைத்து உட்காருவார்கள்.

நம் அரசியல் ஊழியர்களுக்கும் இதில் வேலை உண்டு. கொடி போர்த்திய பெட்டி வரும்பொழுது மாலையுடன் முந்தி நிற்கிறோம். ராணுவத்தானின் வீட்டில் கிழவர் காலமானார் என்றால், அதே சுறுசுறுப்புடன் மரணச் சான்று வாங்கித் தருவதற்கும், படைப்பிரிவுக்குச் செய்தி போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதற்கும், ஜில்லா முன்னாள் ராணுவத்தினர் நல அலுவலகத்துக்கு நடப்பதற்கும், மயானத்தில் தோள் கொடுப்பதற்கும் வார்டுக்கு இரண்டு பேர் முன்வரலாகாதா? இதற்கு மேடையும் வேண்டாம், நிதியும் வேண்டாம்.

வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். காசிக்கோ ராமேசுவரத்துக்கோ கொண்டுபோக உத்தேசித்தவர்கள் அஸ்தியை மாதக்கணக்கில் வைத்திருப்பது நமது வழக்கத்தில் உள்ளதுதான். பிள்ளை பட்டாளத்தில் இருந்தால் அந்தக் கலசத்தை அவசரப்பட்டுக் கரைத்துவிடாமல் வைத்திருங்கள். லீவு எப்பொழுது கிடைக்கிறதோ அப்பொழுது அவன் வருவான். கபாலி கோயில் குளக்கரையில் ஒரு தர்ப்பணத்தைச் செய்துவிட்டு, அடையாறு கடலோடு கலக்கும் இடத்துக்குத் தானே அதை எடுத்துக்கொண்டு போவான்.