நெருக்கடி காலத்தில் வேலை தேடுவது எப்படி மாறுகிறது?

பொருளாதார நெருக்கடி வந்தால் வேலையின்மை கூடும் என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் மத்திய அரசின் கணக்கெடுப்பைப் பாருங்கள். 2018-19ல் 5.8 சதவீதமாக இருந்த வேலையின்மை, கொரோனா ஊரடங்கு தொடங்கிய 2019-20ல் 4.8 ஆகக் குறைந்தது! கணக்கில் தவறில்லை. நெருக்கடியில் மக்கள் வேலை தேடும் விதமே மாறிவிடுகிறது என்பதும் இதற்கு ஒரு காரணம்.

முதலாவது, இடம் மாறுகிறது. பட்டணத்தில் கூலி நின்றதும் பலர் சொந்த ஊர் திரும்பினார்கள். அப்பாவின் வயலிலோ அண்ணன் கடையிலோ கைகொடுத்தார்கள். சம்பளம் இல்லாவிட்டாலும் கணக்கெடுப்பில் அவர் 'வேலையில் இருப்பவர்'தான். விவசாயத்தில் இருப்போர் பங்கு அந்த ஓராண்டில் 42.5 சதவீதத்திலிருந்து 45.6 ஆக ஏறியது.

இரண்டாவது, தகுதிக்கேற்ற வேலை என்ற எண்ணம் போய், கிடைத்த வேலை போதும் என்றாகிறது. டிப்ளமா படித்த பையன் வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறான். உழைத்துச் சாப்பிடுவதில் குறைவொன்றுமில்லை. ஆனால் கற்ற தொழில் கையைவிட்டுப் போய்விடக் கூடாது.

மூன்றாவது, சம்பளத்தைவிட நிரந்தரம் பெரிதாகத் தெரிகிறது. பொருளாதாரம் தளர்ந்திருந்த 2019ல் ரயில்வே சுமார் 35,000 பதவிகளுக்கு விண்ணப்பம் கேட்டது. வந்தவை ஏறக்குறைய 1.25 கோடி, அதாவது ஒரு பதவிக்கு 350 பேருக்கு மேல். முதல் கட்டத் தேர்வே 2020 டிசம்பர் 28ல்தான் தொடங்கியது. காத்திருந்த பிள்ளைகளுக்கு வயதும் காத்திருக்குமா?

நம் சங்கத்துப் பிள்ளைகள், "ரயில்வேயில் ஆள் எடுப்பார்களா மாமா?" என்று என்னிடம் கேட்பதுண்டு. நான் சொல்வது இதுதான். மெயின் லைனில் தடை என்றால் வண்டியை லூப் லைனில் நிறுத்துவோம். அது பயணத்தின் முடிவல்ல. சிக்னல் விழுந்ததும் புறப்பட வண்டி தயாராக இருக்க வேண்டும். ஆகவே கிடைத்த வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள். வாரத்தில் சில மணி நேரமாவது சொந்தத் தொழிலைப் பழகுங்கள். அரசுத் தேர்வு எழுதுங்கள். ஆனால் இத்தனை வயது வரைதான் என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. வேலை போனவன் வெட்கப்பட்டு, வெளியே சொல்லாமல் ஒதுங்கிவிடுவான். ஆள் தேவை என்ற செய்தியோ பெரும்பாலும் வாய்மொழியாகத்தான் பரவுகிறது. உங்கள் அலுவலகத்தில், பட்டறையில் இடம் காலி என்று தெரிந்தால் சங்கத்தில் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை ஒரு குடும்பத்தைக் கரையேற்றும்.