இலங்கையின் பாணுக்கும் ஒரு சிங்கப்பூர் குடும்பத்துக்கும் என்ன தொடர்பு? பிரீமா ஆலையின் கதை

கொத்து ரொட்டி, பாண், மாலு பனிஸ்... இலங்கையில் காலை முதல் இரவு வரை கோதுமை மாவு இல்லாத வேளையே இல்லை. நம்ம ஊர் மைதாவுக்கு அங்கே 'கோதுமை மா'ன்னு பெயர். ஆனா ஒரு விஷயம் தெரியுமா? இலங்கையில் கோதுமை விளைவதே இல்லை. மொத்தமும் கப்பலில்தான் வருகிறது. அதை அரைப்பதில் பெரும்பங்கு வகிப்பது ஒரு சிங்கப்பூர் குடும்ப நிறுவனம்: பிரீமா.

எங்கே தொடங்கியது?

1961-ல் சிங்கப்பூரின் முதல் மாவு ஆலையாக பிரீமா உருவானது. நிறுவியவர் செங் சாங் மன். கோதுமையே விளையாத சின்னத் தீவில் மாவு ஆலையா என்று தோன்றலாம். ஆனால் துறைமுகம் இருந்தால் போதும், உலகின் எந்த மூலையிலிருந்தும் கோதுமை வரும். இதுதான் கணக்கு. 1977-ல் ஆலையின் தானியக் கிடங்கு உச்சியிலேயே சுழலும் உணவகம் ஒன்றையும் திறந்தார்கள்!

திருகோணமலைக்கு ஏன் வந்தார்கள்?

அதுவரை இலங்கை அரைத்த மாவையும் பெருமளவில் இறக்குமதி செய்துவந்தது. கோதுமையாக வாங்கி இங்கேயே அரைத்தால் வேலையும் கிடைக்கும், தவிடும் மிஞ்சும். 1977-ல் அரசுடன் ஒப்பந்தம், 1980-ல் சீனக்குடாவில் ஆலை ஓடத் தொடங்கியது. திருகோணமலை உலகின் ஆழமான இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று. பெரிய கப்பல்கள் ஆலைக்குப் பக்கத்திலேயே நிற்கலாம், லாரி செலவு மிச்சம். இன்று ஒரே இடத்தில் இயங்கும் உலகின் மிகப் பெரிய மாவு ஆலைகளில் இதுவும் ஒன்று.

தவிட்டில் என்ன லாபம்?

ஆலைக்குள் நடப்பதை சிம்பிளா சொல்லணும்னா: கோதுமையைச் சுத்தம் செய்து, தண்ணீர் தெளித்து பல மணி நேரம் ஊற வைப்பார்கள். தோல் இறுகும், உள்பகுதி இளகும். பிறகு உருளைகளுக்கு இடையே உடைத்து, சலித்து, மறுபடி அரைப்பார்கள். 100 கிலோ கோதுமையில் சுமார் 75 கிலோ வெள்ளை மாவு கிடைக்கும். மிச்சம் பெரும்பாலும் தவிடு, அதாவது கால்நடைத் தீவனம்.

ஆரம்ப ஒப்பந்தத்தின் சுவாரஸ்யமே இங்கேதான். கோதுமை அரசுடையது, மாவும் அரசுக்கே. அரைத்ததற்குக் கூலியாக பிரீமா எடுத்துக்கொண்டது தவிட்டை! நம்ம ஊர் அரவை மில்லில் காசுக்குப் பதில் தவிட்டை விட்டுட்டு வர்ற மாதிரி.

2001-ல் ஆலை முழுமையாக பிரீமா வசமானது. அதன் பிறகு கோதுமை வாங்குவது, மாவு விற்பது, லாப நஷ்டம் எல்லாமே நிறுவனத்தின் பொறுப்பு. இன்ஸ்டன்ட் நூடுல்ஸ், கோழித் தீவனம் என்று அடுத்தடுத்து விரிந்தது வியாபாரம்.

இதில் சிக்கல் என்ன?

ஒரு நாட்டின் அன்றாட உணவு ஒன்றிரண்டு ஆலைகளை நம்பி இருக்கும்போது, அவர்கள் விலையை ஏற்றினால் அடுத்த நாளே பேக்கரிகளில் பாண் விலை ஏறும். பின்னாளில் கொழும்புத் துறைமுகத்தில் செரண்டிப் ஆலை வந்ததால் போட்டி உருவானது. ஆனாலும் மாவுச் சந்தை சிலர் கையில்தான்.

அதற்காக எல்லாப் பழியையும் ஆலை மேல் போட முடியாது. 2022-ஐ நினைத்துப் பாருங்கள். உக்ரைன் போரால் உலகச் சந்தையில் கோதுமை விலை எகிறியது. அதே நேரம் 200 ரூபாய் அளவில் இருந்த டாலர், சில மாதங்களில் 350 ரூபாயைத் தாண்டியது. டாலரில் கோதுமை வாங்கி ரூபாயில் மாவு விற்பவர் யாராக இருந்தாலும் விலையை ஏற்றித்தான் ஆக வேண்டும்.

ஆக, ஒரு குடும்பத்தின் வளர்ச்சிக் கதை மட்டுமல்ல இது. அரிசி வீட்டு வயலில் விளைகிறது, பாண் துறைமுகத்தில் விளைகிறது. அந்தத் துறைமுகத்துக்குக் கப்பல் வராத நாளில் என்ன சாப்பிடுவது என்பதுதான், ஆலை எவ்வளவு பெரிசானாலும் இலங்கை பதில் தேட வேண்டிய கேள்வி.