உங்களுக்குத் தெரியுமா? ஜப்பானின் 1964

ஹிரோஷிமா நகரின்மீது அணுகுண்டு விழுந்த அதே 1945 ஆகஸ்ட் 6-ஆம் தேதி, ஹிரோஷிமா மாகாணத்தைச் சேர்ந்த மியோஷியில் பிறந்த யோஷினோரி சகாய் என்னும் வாலிபரே, 1964 அக்டோபர் 10-ஆம் தேதி டோக்கியோ தேசிய மைதானத்தின் நெடும்படிகளில் ஓடியேறி, ஆசியாக் கண்டத்தில் முதன்முதலாக நடந்த ஒலிம்பிக் பந்தயங்களின் ஜோதியை ஏற்றி வைத்தார். யுத்தத்தால் சிதைந்த தேசமொன்று தன் புனர்ஜன்மத்தை உலகுக்கு அறிவிக்க இவரினும் உத்தமமான பிரதிநிதி வாய்த்திருக்க முடியாதென்பதே என் அபிப்பிராயம்.

ஜப்பானியரின் வெளிநாட்டு உல்லாசப் பிரயாணத்துக்கு இருந்த தடையும் அவ்வருஷம் ஏப்ரலில் நீங்கிற்று. அக்டோபர் 1 முதல் ஷிங்கான்சென் ரயில், மணிக்கு 210 கிலோமீட்டர் வரை வேகங்கொண்டு, டோக்கியோவிலிருந்து ஒஸாகாவுக்கு நான்கு மணி நேரத்தில் சென்றது.

ஆயினும் ஜனங்களின் இருதயத்தைக் கொள்ளைகொண்டவர்கள் பெண்கள் கைப்பந்து அணியினரே. ஒரு நூற்பாலை நிறுவனத்தின் ஊழியர்களான அவர்களுள் பெரும்பாலோர், பகலில் உத்தியோகம் பார்த்துவிட்டு, நள்ளிரவு தாண்டியும் பயிற்சி செய்தவர்கள். பாய்ந்து பந்தைத் தடுத்து, விழுந்த வேகத்திலேயே தரையில் உருண்டு எழுந்து நிற்கும் வித்தையை அப்படித்தான் ஸ்வாதீனப்படுத்தி, அக்டோபர் 23-ஆம் தேதி சோவியத் அணியை வென்று தங்கப் பதக்கம் பெற்றார்கள்.