எதிர்வினைச் சடங்கில் அறம்: மாசாணியம்மன் நீதிக்கல்லை முன்வைத்து

கழிப்பு காப்பதற்கு, செய்வினை கெடுப்பதற்கு என்னும் எளிய பகுப்பு ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் பொருந்துவதில்லை. களவாலும் துரோகத்தாலும் பாதிக்கப்பட்டோர் அங்கு மிளகாயை அரைத்து நீதிக்கல்லில் பூசி முறையிடுகின்றனர். தவறிழைத்தவர் துன்புற வேண்டும் என்பதால் நோக்கில் இது பழிவாங்கலே. எனினும் செய்வினையில் குற்றவாளி யார் என்பதை ஏவுபவரே முடிவுசெய்கிறார். இங்கோ அம்முடிவு அம்மனிடம் விடப்படுகிறது. திருடியவர் யாரென அறியாதவரும் மிளகாய் அரைக்கலாம்.

1950களில் பிரிட்டனில் வெளிப்பட்ட விக்கா சமயத்தினருள் பலர், செய்த தீங்கு மும்மடங்காய்த் திரும்பும் என நம்புகின்றனர். அது செய்பவரை அச்சத்தால் தடுக்கிறது. நீதிக்கல்லோ தீர்ப்புரிமையையே அவரிடமிருந்து விலக்கிவைக்கிறது. முறையீடு பலித்தபின் அக்கல்லுக்கு எண்ணெய்க்காப்பிட்டு அம்மனைக் குளிர்விப்பர். மூட்டிய சினத்தைத் தணிக்கும் அக்கடமை முறையிட்டவருக்கே உரியது.