லக் சுடுகிறதா?

இன்வெர்ட்டர் பேட்டரிக்கு வரும் தடித்த ஒயரின் நுனியில் மாட்டியிருக்கும் உலோகத் துண்டுக்கு லக் என்று பெயர். எலெக்ட்ரீஷியன்கள் பலர் திம்பிள் என்பார்கள். ஒயரின் செப்பு இழைகளை அதன் குழலுக்குள் செருகி, கிரிம்பிங் கருவியால் நசுக்கிவிடுவதுதான் இணைப்பு. பற்றவைப்பும் கிடையாது, திருகும் கிடையாது. சரியான அளவுக்கு நசுக்கினால் இழைகளின் மேலுள்ள ஆக்சைடு படலம் கிழிந்து, உலோகம் உலோகத்தோடு ஒன்றிவிடும். காற்றோ ஈரமோ நுழைய இடமிருக்காது. இப்படி அமைந்த பிடிப்பு பல ஆண்டுகள் நிற்கும்.

பிடிப்பு கெட்டிருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கருவியைத்தான். அது கையில் இல்லாதபோது சுத்தியலால் தட்டியோ பிளேயரால் நெரித்தோ ஒப்பேற்றுவது வழக்கமாகிவிட்டது. வெளியே தட்டையாக, இறுக்கமாகத்தான் தெரியும்; உள்ளே இழைகளுக்கு நடுவே இடைவெளி இருக்கும். 16 சதுர மில்லிமீட்டர் ஒயருக்கு 25-க்கான லக்கைப் போட்டாலும் அதே கதிதான். ஒயர் நுழையவில்லை என்று நாலு இழையை வெட்டியெறிவதும், இன்சுலேஷனையும் சேர்த்து நசுக்குவதும், அளவுக்கு மீறி நெரித்து இழைகளை அறுத்துவிடுவதும் உண்டு.

இந்தக் குறையை மல்டிமீட்டரின் ஓம் அளவில் தேடுவது வீண். மீட்டர் அனுப்புவது மிகச் சிறிய மின்னோட்டம். ஒன்றிரண்டு இழைகள் தொட்டுக்கொண்டிருந்தாலே அதற்குப் போதும். பீப் ஒலி எழுப்பி, எல்லாம் சரி என்று சொல்லிவிடும். மீட்டர் ஒயர்களின் தடையே 0.2 ஓம் அளவில் இருக்கும்போது, இணைப்பில் கூடியிருக்கும் 0.01 ஓம் அதில் தெரியவா போகிறது? ஆனால் கரன்ட் போன நேரத்தில் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 60 ஆம்பியர் ஓடினால், அந்த 0.01 ஓமில் 0.6 வோல்ட் வீணாகி, 36 வாட் வெப்பம் பிறக்கும். ரேடியோ பழுதுபார்க்கும் கடைகளில் இருக்கும் சின்ன சால்டரிங் அயர்னே 25 வாட்தான்.

ஆகவே சுமை ஓடும்போதுதான் சோதிக்க வேண்டும். மெயினை அணைத்து, மின்விசிறிகளையும் விளக்குகளையும் இன்வெர்ட்டரில் ஓடவிட்டு, மீட்டரை டி.சி. மில்லிவோல்ட்டில் வைக்க வேண்டும். ஒரு முனை லக்கின் தட்டைப் பகுதியில், மற்றது குழல் வாயில் தெரியும் செப்பு இழையில். நல்ல இணைப்பில் சில மில்லிவோல்ட்டுக்கு மேல் காட்டாது. நூறைத் தாண்டினால் அந்தப் பிடிப்பு போய்விட்டது என்று கொள்ளலாம். ஒயரை மெல்ல அசைக்கும்போது எண் துள்ளினாலும் அப்படியே. அங்கே குறையில்லாமல், பேட்டரி முனைக்கும் லக்குக்கும் இடையே எண் ஏறினால் குற்றம் போல்ட்டினுடையது, முறுக்கினால் தீர்ந்துவிடும். மோதிரம், வளையல், கைச்சங்கிலி கழற்றிய பிறகே பேட்டரிப் பக்கம் கை போக வேண்டும். இன்வெர்ட்டரின் 230 வோல்ட் பக்கத்தைத் தொடவே கூடாது.

மீட்டர் இல்லாவிட்டால் வெப்பம் காட்டிக்கொடுக்கும். பிளஸ், மைனஸ் இரண்டு லக்குகளிலும் ஓடுவது ஒரே மின்னோட்டம். ஒன்று மட்டும் சுட்டால் குறை அங்கேதான். அகச்சிவப்பு வெப்பமானியைப் பளபளக்கும் உலோகத்தின் மீது காட்டினால் உண்மையைவிடக் குறைத்தே சொல்லும். கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, அதன்மேல் பார்ப்பது உத்தமம். லக்கை ஒட்டிய இன்சுலேஷன் பழுப்பேறி மொறமொறப்பாகியிருப்பதும், பச்சைக் களிம்பு படிந்திருப்பதும் பழைய நோயின் அடையாளங்கள்.

ஒயரைக் கழற்றி லக்கைப் பிடித்து இழுத்துப் பார்ப்பதும் ஒரு சோதனைதான். கையோடு வந்துவிட்டால் தீர்ப்பு முடிந்தது. வராவிட்டால் எதுவும் நிரூபணமாகவில்லை. சந்தேகப்பட்ட லக்கை வெட்டியெடுத்து, குழலைக் குறுக்கே அறுத்துப் பார்ப்பதில் சுவாரஸ்யம் உண்டு. நல்ல பிடிப்பில் இழைகள் உருண்டை வடிவம் இழந்து தேனடை அறைகளைப் போல நெருங்கியிருக்கும். கெட்டதில் ஒவ்வோர் இழையும் உருண்டையாகத் தனித்து நிற்க, நடுவே கரிய சந்துகள் தெரியும்.

கெட்ட லக்கை மறுபடி நசுக்கிப் பயனில்லை. களிம்பு இன்சுலேஷனுக்கு அடியில் இழைவழியே ஊர்ந்திருக்கும் என்பதால், செம்பு பளிச்சென்று தெரியும்வரை ஒயரை வெட்டிவிட்டு, அளவுக்கேற்ற புது லக்கை உரிய அச்சில் நசுக்க வேண்டும். பிறகு அதே சுமையில் மறுபடி ஒருமுறை மில்லிவோல்ட் பார்க்க வேண்டும்.